மேற்பக்கம் நின்ற இரண்டு வாரம்

என் தங்கை புருஷனுக்கு நான் தர வேண்டியிருந்தது இருபத்தேழாயிரத்து நானூறு. ஆறு சின்னக் குப்பி மருந்தும் ஊசியும் சேர்த்து. குப்பியில் ஒரு சிட்டிகைகூடத் தேறாத வெள்ளைப் பொடி. தண்ணீரில் கலந்து வயிற்றுத் தோலில் குத்திக்கொள்ள வேண்டும். பெப்டைடு என்றான், ஏதோ புரதத் துணுக்காம்.

வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்குவது எங்கள் கூட்டத்தின் பிழைப்பு. படியில் பீரோ ஏறும்போது மேலே பிடிக்கிறவன் வழி காட்டுவான். கீழே பிடிக்கிறவன் மேல்தான் பாரமெல்லாம் இறங்கும். நான் எப்போதும் கீழாள். ஒருநாள் குளிர்பெட்டி சரிந்ததில் வலது தோள் போயிற்று. சட்டை மாட்டக்கூடக் கை எழும்பவில்லை.

மாப்பிள்ளைக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை. இந்த மருந்தை அங்கே வருகிறவர்களிடம் விற்றுக்கொண்டிருந்தான்.

"அறுந்ததையும் ஒட்ட வைக்கும் மச்சான். பெரிய ஆராய்ச்சி பண்ணின சரக்கு."

நாற்பதுக்கு மேல் படிக்கக் கற்றவன் நான். எழுத்து கண்ணில் பட்டால் விடமாட்டேன். குப்பியைத் திருப்பி எழுத்துக் கூட்டினேன். "ஆராய்ச்சிக்கு மட்டும்னு போட்டிருக்கே மாப்ள?"

"அதைத்தானே நானும் சொல்றேன். காசை மெதுவா குடுங்க, நமக்குள்ள என்ன."

எங்கள் கூட்டத்தில் அடிபட்டவன் விடுப்பு எடுப்பதில்லை; எடுத்தால் கூலி இல்லை. யாரும் ஒன்றும் பேசாமல் அவனை மேற்பக்கம் விட்டுவிடுவார்கள். எனக்குப் பதிலாக எங்கள் கூட்டத்து நெட்டையன் கீழே இறங்கினான். நான் இரண்டு வாரம் மேலே நின்று வழி சொன்னேன், இரவில் ஊசி குத்திக்கொண்டேன். வலி குறைந்தது. கை தலைக்கு மேல் போனது.

"ராஜா மாதிரி மேல நின்னு இடது, வலதுன்னு சொன்னா யாருக்குத்தான்ணே வலிக்கும்?" என்றான் நெட்டையன்.

"ஊசிடா. நீ என்னத்தக் கண்ட."

மறுநாளே கீழ்ப்பக்கத்துக்குப் போய்விட்டேன். மர அலமாரி ஒன்று, இரண்டாம் மாடித் திருப்பம். தோளுக்குள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நெட்டையன் பாய்ந்து வந்து தாங்கியிராவிட்டால் அலமாரி என் மேலேயே வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தசைநாண் முழுக்க அறுந்து உள்ளே இழுத்துக்கொண்டதாம். தைத்தாலும் பாரம் தூக்கக் கூடாது என்றார். குப்பி விஷயத்தைச் சொன்னேன்.

"எலிக்குப் போட்டுப் பாத்திருக்காங்க. காயம் சீக்கிரம் ஆறியிருக்கு, அது நிஜம். மனுஷங்களுக்கு ஒழுங்கா சோதிச்சது ரொம்பக் கொஞ்சம்."

"எனக்குக் கேட்டுச்சேம்மா."

"அந்த ரெண்டு வாரம் பாரம் தூக்கினீங்களா?"

"இல்ல. மேல்பக்கம்தான் பிடிச்சேன்."

"ஊசி போடாம மேல்பக்கம் பிடிச்சிருந்தாலும் வலி குறைஞ்சிருக்கலாம். போட்டவங்களையும் போடாதவங்களையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் எதால குறைஞ்சதுன்னு தெரியும். கேக்காதுன்னு நான் சொல்லல. தெரியாதுன்னு சொல்றேன். தெரியாததை நம்பி அலமாரி தூக்கியிருக்கீங்க."

கூட்டத்தில் கணக்கை முடித்து, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். விஷயம் தெரிந்து தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"கடனைத் தள்ளிடுறேன் மச்சான். போன்ல வீடியோ எடுத்து வாங்க வர்றவங்களுக்குக் காட்டுறேன், ஒரு வார்த்தை மட்டும் பேசுங்க. ரெண்டு வாரத்துல வலி குறைஞ்சுதுன்னு. பொய் சொல்லச் சொல்லலையே, குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சுது. நெட்டையன் கீழ பிடிச்சான், அதையும் சொல்லட்டுமா?"

"அது எதுக்கு இதுல?"

"அப்புறம் அறுந்ததை?"

அவன் தங்கையைப் பார்த்தான். "ஒரு உதவின்னு கேட்டா உங்கண்ணன் வக்கீலாட்டம் பேசுறாரு."

அந்த வீடியோவைப் பார்த்து இன்னொரு கூலிக்காரன் வயிற்றில் குத்திக்கொண்டு கீழ்ப்பக்கம் இறங்குவான். என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, கூட்டத்தில் கொடுத்த பணத்தை எடுத்துவரச் சொன்னேன்.

"மூணு மாசம் ஓட்டலாம்னு வெச்சிருந்தேன்" என்றாள். ஆனாலும் எடுத்து வந்தாள்.

வலக்கை எழும்பவில்லை. இடக்கையால் நீட்டினேன். மாப்பிள்ளை எச்சில் தொட்டு ஒருமுறை எண்ணினான், திருப்பி வைத்து இன்னொருமுறை எண்ணினான்.

"சரியா இருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டு எழுந்தான்.