நாற்பத்தேழாம் எண் சீட்டு

படம் பார்த்து மூன்று நாளாகியும் அந்தப் பச்சை அறை அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. படத்தில் பேச்சே குறைவு. மழை வழியும் ஜன்னல், கொடியில் ஆடும் ஒரு சட்டை, அதன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்கும் ஒருத்தி. முன்வரிசையில் ஒருவர் குறட்டையே விட்டார். அவளுக்கோ மூச்சுவிடவும் மறந்துபோனது.

அவள் சலவைக்கடைக்காரர் மகள். துணி கொடுத்துவிட்டு வரும் வழியில் திருட்டுத்தனமாகப் பார்த்த படம். அதோடு விட்டிருக்கலாம். தியேட்டர் வாசலில் பெட்டி வைத்து, 'படம் எப்படி? இரண்டு வரி எழுதுங்கள்' என்று போட்டிருந்தார்கள். தாள் கேட்கக் கூச்சம். அன்று கொடுத்த சட்டையிலிருந்து கழற்றிப் பையில் போட்டிருந்த துணிச்சீட்டில், எண்ணுக்குக் கீழே பென்சிலால் எழுதிப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

துணியைக் கொடுத்ததும் சீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து கம்பியில் கோக்க வேண்டும். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தன் கையால் நீல மையில் போட்ட எண்ணை இருட்டிலும் கண்டுபிடித்துவிடுவார். அன்றே கேட்டார்: "நாப்பத்தேழு எங்க?"

"காத்துல பறந்துடுச்சுப்பா."

இன்று துணிப்பையோடு தியேட்டரைத் தாண்டும்போது சட்டென்று நின்றாள். வாசல் கண்ணாடிப் பலகைக்குள், நட்ட நடுவில், அந்தச் சீட்டு. '47'. அதன் கீழே அவள் எழுத்து: 'இந்தச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது நானும் அதன் கையைப் பிடித்துப் பார்த்தேன். படத்தில் அவள் விட்டுவிட்டாள். எனக்கு விட மனசு வரவில்லை.'

டிக்கெட் கொடுக்கும் அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, அந்தச் சீட்டை எடுத்துக் குடுங்களேன்."

"நீ எழுதினதாடி? காலையிலேர்ந்து நின்னு நின்னு படிச்சிட்டுப் போறாங்க. யாருடி அந்தச் சட்டைக்காரன்?"

"எங்கப்பா அஞ்சு மணிக்கு இந்த வழியாத்தான் வருவாருக்கா."

அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. "சாவி மேனேஜர்கிட்ட இருக்கே. ஆறு மணி ஷோவுக்குத்தான வருவாரு."

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். அவளுடைய கூடப்பிறந்த அக்கா பஸ் நிறுத்தத்தில் யாருடனோ சிரித்துப் பேசினாள் என்று அப்பா காதில் விழுந்ததற்கே, இரண்டு வருஷமாக வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, வாசற்படியே அவளுக்கு வெளியூர். இவளுக்கு மிஞ்சியிருப்பது இந்தத் துணிப்பையும் இந்தத் தெருவும்தான். கண்ணாடியில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

சைக்கிள் கிறீச்சிட்டு நின்றது.

"இங்க என்ன வேலை?"

"கால் வலிச்சுதுப்பா."

அப்பா நெட்டை. அவர் பார்வை அவள் தலைக்கு மேலே போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

"காத்து கண்ணாடிக்குள்ளயா கொண்டுவந்து வச்சுது?"

அவள் பையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"கீழ என்னமோ எழுதியிருக்கு. படி."

அவள் திரும்பிச் சீட்டைப் பார்த்தாள். "பித்தான்... பித்தான் ஒண்ணு இல்ல, தச்சுக் குடுங்கன்னு எழுதியிருக்குப்பா. சட்டைக்காரர்தான் எழுதியிருப்பாரு. கீழ கெடந்ததை எடுத்து வச்சிருக்காங்க."

அப்பா டிக்கெட் ஜன்னலைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமாங்க. யாராச்சும் தேடி வருவாங்கன்னுதான் வச்சோம்." டிக்கெட் அக்கா கண்ணிமைக்காமல் சொன்னாள்.

அப்பா தாடையைத் தடவினார். "பித்தானெல்லாம் சரியாத்தான இருந்துச்சு. நான்தான பாத்து மடிச்சேன்."

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார். "வீட்டுக்கு நட."

நடந்தாள்; பக்கத்தில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பத்தடி. கண்ணாடி முன்னால் இப்போது யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பின்னால் யாரோ ஒரு பெண், கூட வந்தவளைக் கூப்பிட்டு, தெருவுக்கே கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினாள்:

"இங்க பாரேன்... 'இந்தச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது நானும் அதன் கையை...'"

அப்பாவின் கை பிரேக்கை அழுத்தியது.