சண்முகையாவின் காலில் மண் வைத்தது யார்?

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, முட்டியில் சிராய்ப்போடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போடும் அறையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அவருடைய கால்விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "யாரு அண்ணாச்சி இதுல மண்ண வச்சது?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவியைப் பெரியவர் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு, "நாந்தான்" என்றார்.

பொய். எனக்கே தெரிந்தது, நர்ஸுக்குத் தெரியாதா? நான் கேட்டது அந்த ஒரு சொல்தான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் எழுத நினைத்தது கதையே இல்லை, கட்டுரை. காயங்கள் எத்தனை வகை, எதில் என்ன ஆபத்து என்று. இப்படித் தொடங்கியது:

"சிராய்ப்பு தோலோடு நின்றுவிடும். ரோட்டு மண்ணை நன்றாகக் கழுவிவிட்டால் ஆறிவிடும், கழுவாவிட்டால் சீப் பிடிக்கும். வெட்டுக்காயம் இரத்தத்தைக் கொட்டி வீட்டையே கூட்டிவிடும். அழுத்திப் பிடித்துக்கொண்டு யாராவது ஓடுவார்கள். கிழிந்த காயத்துக்கு ஓரம் ஒழுங்காக இருக்காது, தைத்தாலும் தழும்பு நிற்கும். ஊமைக்காயமோ வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே இரத்தம் கட்டி"

போதும் என்று நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையைப் படிப்பது போல இருந்தது. தவிர, பெரியவருக்கு இருந்தது இதில் எதுவுமே இல்லை. அவருக்குக் குத்துக்காயம்.*

(* இருப்பதிலேயே கள்ளத்தனமான காயம் இது. முள்ளோ ஆணியோ ஆழமாக இறங்கும். இரத்தம் சொட்டுத்தான் வரும், வாயும் சட்டென்று மூடிக்கொள்ளும். பார்க்கிறவர் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார். உள்ளே காற்றுப் படாத இடத்தில் கிருமி வளரும். மண்ணும் சேர்ந்தால் டெட்டனஸ் என்கிற இரண ஜன்னிகூட வரலாம். டி.டி. ஊசி போடச் சொல்வது அதற்காகத்தான்.)

3

அவருக்குச் சண்முகையா என்று பெயர் வைக்கிறேன். வீடு சங்கரன்கோவிலில், புளியங்குடிப் பக்கம் கொஞ்சம் எலுமிச்சைத் தோட்டம். (முதல் பிரதியில் துணிக்கடை வைத்திருந்தார். துணிக்கடையில் முள் ஏது?) சர்க்கரை வியாதி வந்து வெகுகாலம் ஆகிறது. பாதம் இரண்டும் மரத்துப்போய்விட்டன. ஒருநாள் எலுமிச்சை முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு கால்விரலில் ஏறியிருக்கிறது. அது தெரியாமலே அவர் பஸ் ஏறி வீடு வந்து காப்பியும் குடித்தார். தரையில் இரத்தப் பொட்டுகளைப் பார்த்தவள் அவர் மனைவி தங்கத்தாய்தான்.

ஊக்கால் நெம்பி முள்ளை எடுத்தாள். பிறகு சாமி மாடத்திலிருந்து கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணை எடுத்து வந்தாள். அங்கே புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், சொறி சிரங்குக்குப் பூசுகிறவர்களும் உண்டு. தங்கத்தாய்க்குச் சிறுவயதில் உடம்பெல்லாம் கொப்புளம் வந்தபோது பூசித்தான் ஆறியதாம். அந்த நினைப்பில் முள் ஏறிய குழிக்குள் மண்ணை வைத்து அழுத்தினாள்.

"இனி ஆத்தா பாத்துக்கிடுவா" என்றாள். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் புது மண்.

[இவளை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்ல உங்களுக்கு வாய் வரலாம். எனக்கும் வந்தது. பழைய பிரதியில் அவள் பேசியது ஒரே ஒரு வசனம், அதுவும் அசட்டுத்தனமாக. அதைக் கிழித்துப் போட்டேன். புருஷன் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதில் வலி தெரியாது என்று தெரிந்தும், ஊதி ஊதி மண் வைக்கிறவள் அசடாக இருக்க முடியாது. அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.]

4

பாதம் வீங்கியதும் இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நர்ஸுக்குப் பெயர் பெனிட்டா. அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

"சுகர் காலு அண்ணாச்சி இது. உள்ள சீப் புடிச்சிருந்துச்சு, கீறிச் சுத்தம் பண்ணியாச்சு. இனிமே ஒரு பொட்டு மண்ணு பட்டுதுன்னா வெரலோட நிக்காது, காலையே எடுக்க வேண்டி வந்துரும். வீட்டம்மாவக் கூப்பிடுங்க, நான் சொல்லுதேன்."

"அவகிட்ட சொல்லாதீங்கம்மா."

"நீங்கதான் வச்சதா சொன்னிய?"

சண்முகையா தலையைக் குனிந்துகொண்டார். "அவ சாமிய நம்பி வச்சது. அதுதான் கெடுத்துச்சுன்னு தெரிஞ்சா அவளுக்குச் சோறு எறங்காது."

"சரி, நான் சொல்லல. ஆனா இன்னிக்குச் சாயங்காலம் அவுக மண்ணோட வந்து நின்னா என்ன செய்விய?"

அவர் என்ன செய்வார் என்று எனக்கே தெரியவில்லை. கதை இங்கேயே வெகுநாள் கிடந்தது.

5

முயன்று பார்த்தவை:

அவர் கத்துகிறார். "எல்லாம் ஒன்னாலதாம்ட்டி, நீ மட்டும்…" இல்லை. இந்த மனுஷர் வாயில் அது வராது.

தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறார். "காஞ்ச மண்ணுதான வைக்கேன்" என்பாள்.

மண் டப்பாவை ஒளித்து வைக்கிறார். கோயில் கூப்பிடு தூரம். அவள் போய் வேறு வாங்கி வந்துவிடுவாள்.

சொன்னால் அவள் மனசு போகும், சொல்லாவிட்டால் கால் போகும்.

6

சாயங்காலம். சண்முகையா நாற்காலியில் இருந்தார். தங்கத்தாய் விளக்கேற்றிவிட்டு மண்ணோடு வந்து தரையில் உட்கார்ந்து, கட்டைப் பிரிக்கக் கையை நீட்டினாள். அவர் காலை மெள்ள இழுத்துக்கொண்டார்.

"ஏட்டி தங்கம், சாமி மண்ணப் போயி கால்ல வைக்கலாமா? காலுக்குத்தான் சிஸ்டர் மருந்து வச்சுக் கட்டியிருக்காவள்ளா. நீ நெத்தியில பூசு."

(சத்தியமாக இதை நான் யோசிக்கவில்லை. அவரே சொன்னார். எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். அழுகை வந்துவிட்டது.)

தங்கத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாடி, அது எனக்குத் தோணலயே" என்று எழுந்து, மண்ணைக் குழைத்துப் பெருவிரலால் அவர் நெற்றியில் பூசினாள். அந்த நிமிஷம் கால் தப்பித்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பு. இனி அதில் மண் படாது.

பூசிக்கொண்டிருந்த விரல் பாதியில் நின்றது. குனிந்து கட்டைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கால்விரலை மட்டும் சுற்றியிருந்த துணி, இப்போது கணுக்கால் வரைக்கும் வெள்ளையாக ஏறியிருந்தது.

"அப்ப இத்தன நாளு கால்லதான வச்சேன்" என்றாள். "ஏன் ஒண்ணும் சொல்லல?"

7

அவருக்காகப் பதில்கள் எழுதினேன்.

"மறந்துட்டேன்." அடித்துவிட்டேன்.

"அதனால ஒண்ணும் ஆகலட்டி." இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளிடம் செல்லாது.

"ஒன் கையி பட்டது எனக்குத் தெரியல தங்கம், ஆனா நீ வைக்கத பாத்துக்கிட்டே இருக்கணும்னு" இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே அவர் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். உண்மையோ பொய்யோ, எதுவானாலும் சம்மதம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் பெருவிரல் இன்னும் அவர் நெற்றியில்தான் இருக்கிறது. அதை அவள் எடுத்துவிடும்படி எதையும் எழுதிவிடாதீர்கள்.