இரண்டு எட்டு மணி நேரம்

அறையில் இருந்தவர்கள்: ஏணி மேல் மெக்கானிக், ஏணியைப் பிடித்தபடி என் மனைவி, கதவோரம் நாற்காலி போட்டு என் அத்தை, அதாவது மாமியார், கட்டில் விளிம்பில் நான். நான்கு பேர் கொள்ளும் அறை அல்ல. கட்டிலைச் சுற்றி ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கலாம், அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடிகளில் நான் ஒட்டிய கறுப்புத் தாள் இன்னும் அப்படியே இருந்தது. ஆறு வருடம் ராத்திரி வேலை. கிடங்கில் பெட்டி ஏற்றிவிட்டுக் காலையில் வந்து இந்த இருட்டில் விழுவேன். நான் உள்ளே வரும்போது அவள் பள்ளிக்கூட அலுவலகத்துக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். லீவு நாளிலும் எனக்குப் பகலில்தான் தூக்கம் வரும்.

வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. முதல் வாரம் அவள் என் பக்கத்தில் தூங்கினாள். எட்டாம் நாள், "அம்மாவுக்குத் தனியா படுக்க பயமா இருக்காம்" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்விட்டாள். அத்தை பேய்ப் படத்தைச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்ப்பவர். வேலை இல்லாதவனின் முகத்தை ராத்திரியிலும் பார்க்க இவளுக்குப் பிடிக்கவில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

நேற்று ஏசியும் நின்றது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. பால்கனியில் இருக்கும் வெளி யூனிட் உறுமிவிட்டு அடங்கியது. புதுசு வாங்கிவிடலாம் என்றாள் அவள். சரி பண்ணினால் போதும் என்றேன் நான். எதைச் செய்தால் அவள் அறைக்குத் திரும்புவாள் என்பதுதான் எனக்குக் கேள்வி. அதை மெக்கானிக்கிடம் கேட்க முடியாது.

அவர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "ஆறு வருஷம்னு சொல்றீங்க. பன்னெண்டு வருஷ மெஷின் மாதிரில்ல தேஞ்சு கெடக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும்?"

"எட்டு மணி நேரம்" என்றேன்.

"ஆமா, எட்டுதான்" என்றாள் மனைவி.

"எப்ப?"

"பகல்ல" என்றேன் நான். "ராத்திரிதான்" என்றாள் அவள்.

மெக்கானிக் ஏணியிலேயே திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். "அப்ப பதினாறு."

ஆறு வருடத்தில் அந்த இரண்டு எட்டையும் நாங்கள் கூட்டிப் பார்த்ததே இல்லை.

"எத்தனைல வைப்பீங்க?"

"பதினெட்டு" என்ற என் குரலும் "இருபத்தேழு" என்ற அவள் குரலும் ஒன்றாக வந்தன.

"அந்த ரிமோட் சரியில்ல" என்றேன். "வேலைக்குப் போனப்பல்லாம், எத்தனை தடவை பதினெட்டுல வெச்சாலும் மறுநாள் இருபத்தேழு காட்டும்."

"அது நான் வெக்கிறதுங்க!" என்றாள் அவள். "நானும் ரிமோட்டுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு ரெண்டு தடவை பேட்டரி மாத்தினேன். நீங்க ராத்திரி வீட்ல தங்கின அந்த வாரந்தான் தெரிஞ்சுது, கிறுக்கு யாருக்குன்னு."

அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எனக்கு எதுக்கு மாப்ள பயம்? இவதான் ரெண்டு போர்வையச் சுத்திக்கிட்டுப் பல்லு கிடுகிடுக்க வந்து நின்னா. ஐஸ் பெட்டியில மீன்கூட இதவிட வசதியா இருக்கும்னா."

"அம்மா!"

"ஏன் சொல்லல?" என்றேன் அவளிடம்.

அவள் ஏணியைப் பார்த்தபடி சொன்னாள். "வேலைய விட்டுட்டு வந்த மனுஷன். தூக்கமாவது நிம்மதியா தூங்கட்டும்னு விட்டேன்."

மெக்கானிக்குக்கு வெளி யூனிட்டைப் பார்க்கவேண்டிய அவசரம் வந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து, தலை உப்பிய கெபாசிட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியிலிருந்து வந்தார். "கம்ப்ரசர் நல்லா இருக்கு சார். போனது இதுதான், மாத்திட்டேன். ஆனா மறுபடி பதினெட்டுன்னா அடுத்த வருஷம் புதுசுதான். ரெண்டு பேரும் ஒரு நம்பர் சொல்லுங்க. அதுல ஓட்டினா இன்னும் நாலு வருஷம் வரும்."

"இருபத்திரண்டு" என்றேன்.

"இருபத்தாறு."

"இருபத்துமூணு."

"என்னாங்க இது, ஏலமா?" என்றார் அத்தை. "இருபத்துநாலுன்னு வெய்ப்பா. போர்வை ஒண்ணு, ஆளு ரெண்டு. சரியா வரும்."

மெக்கானிக் சிரிக்காமல் இருபத்துநாலில் வைத்தார். வெளியே யூனிட் ஒரு தடவை உதறிக்கொண்டு சீராக ஓடத் தொடங்கியது. "ஒரு மணி நேரம் ரூம் கதவச் சாத்தி ஓட்டிப் பாருங்க. நடுவுல நின்னா போன் பண்ணுங்க" என்று சொல்லி ஏணியை மடக்கிக்கொண்டு போனார்.

நாங்கள் மூவரும் ஹாலில் நின்றோம். நான் சுவரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அத்தை எங்களைப் பார்த்தார்.

"மேல் வீட்டுல ஏசி எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு வரேன்" என்றார் அத்தை.

"அவங்க வீட்ல ஏசியே இல்லம்மா."

"அப்ப ஃபேனப் பாக்கறேன்."

மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட போடாமல் அவர் படியேறினார். மனைவி வாசல் கதவைச் சாத்தினாள். ஒரு நொடி கைப்பிடியிலேயே கையை வைத்திருந்தாள். பிறகு தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் இரண்டு சுற்று திருப்பினாள்.