நேர்ந்துவிட்ட தலை

கத்தி பிடிக்கிறவனுக்கு எல்லாத் தலையும் ஒன்றுதான். கங்காணியின் தலையும் கூலியாளின் தலையும் என் கைக்குக் கீழே ஒரே மாதிரிதான் குனியும். தெல்தெனியவுக்கு மேலே இருந்த அந்தக் காப்பித் தோட்டத்தில் சவரம், பல் பிடுங்குவது, கட்டி கீறுவது எல்லாம் என் வேலை. அதனால் என்னைப் பண்டிதர் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

தோட்டத்துக் கூலியாள் அழகமுத்துவின் தலையை மட்டும் நான் தொடக் கூடாது. அது நேர்ந்துவிட்ட தலை. முந்தின வருஷம் ஆடியில் மன்னாரில் தோணி இறங்கிக் கும்பலாக நடந்து வந்தபோது அவன் பெண்சாதி ராக்கம்மாவுக்குப் பேதி கண்டது. பேதி கண்டவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் அப்போதைய வழக்கம். கங்காணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழகமுத்து மட்டும் அவளோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். "காளியாத்தா, இவள் எழுந்து நடந்தால் உன் வாசலில்தான் என் தலையில் கத்தி படும்" என்று வேண்டிக்கொண்டான். மூன்றாம் நாள் அவள் எழுந்து நடந்தாள்.

தை மாதம் கடல் தாண்டி ஊர்க் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டிருக்க வேண்டும். துரை ஆளை விடவில்லை. அடுத்த தை என்று தள்ளிப்போட்டார்கள். ஒன்றேகால் வருஷமாக முடி தோளுக்குக் கீழே இறங்கிச் சடை பிடித்தது. அவன் அதைத் தடவிப் பார்க்கும் விதத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவனுக்கு அது முடியே அல்ல, ராக்கம்மாவின் உயிர்.

ஐப்பசியில் காப்பிப் பழம் எடுக்கும் காலம். மழை விடாது. எல்லோரும் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மலையில் நிற்பார்கள். நனைந்த முரட்டுக் கம்பளி கழுத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். பாதிப் பேருக்குப் பிடரியில் மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் சீழ்ப்பரு. சிரைத்துவிட்டு மஞ்சள் அரைத்துப் பூசினால் நாலு நாளில் காய்ந்துவிடும். அழகமுத்துவுக்குச் சிரைக்க வழியில்லை. சடைக்கு அடியில் பருக்கள் ஒன்றோடொன்று கூடி ஒரு கட்டி ஆயின.

விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். கோழி முட்டை அளவு, கல் போல இருந்தது. அனல் அடித்தது.

"உள்ளங்கை அகலத்துக்கு எடுத்துடுறேன்டா. மிச்ச முடி அப்படியே இருக்கட்டும்."

"வேணாண்ணே. ஒரு மசுரு கொறைஞ்சாலும் அவளுக்கு ஆகாது."

"நீ செத்தா மட்டும் அவளுக்கு ஆகுமா?"

"தையி வரைக்குந்தானே. பொறுத்துக்கிறேன்."

சண்டை போட்டு அமுக்கிப் பிடித்துச் சிரைத்திருக்கலாம். எனக்கும் பயம். அம்மனுக்கு நேர்ந்த முடியை வேறு இடத்தில் எடுத்தால் பாவம் முதலில் கத்தி பிடித்த கைக்குத்தான். ஆகவே பச்சரிசி மாவில் களி கிண்டி, சூட்டோடு கட்டினேன். களி முடியின் மேல் உட்கார்ந்ததே தவிர தோலைத் தொடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே கட்டினேன்.

நாலாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் ராக்கம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"பண்டிதரே, தெல்தெனியக் கடைத்தெருவுல முஹைதீன் ஒஸ்தா இருக்காராமே. சோனகப் புள்ளைங்களுக்கு முடி எடுக்கிறவரு, சுன்னத்து வைக்கிறவரு. அவருகிட்டக் கொண்டு போவலாமா? அவருக்கு நம்ம ஆத்தா இல்ல. அவரு கத்திக்குப் பாவம் ஒட்டாது."

இவ்வளவு யோசித்திருக்கிறாளே என்று அப்போதே எனக்குப் பட்டது. அவள் மேலும் சொன்னாள்:

"முடி போனா என் உசுருதானே போவும்? போவட்டும். மரத்தடியிலயே போயிருக்க வேண்டியதுதானே."

அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: என் ஆளை இன்னொருவன் கத்திக்குக் கொண்டு போகப் பார்க்கிறாள். நாளைக்குத் தோட்டமே சொல்லும், பண்டிதருக்குக் கட்டி கீறத் தெரியவில்லை, ஒஸ்தாவிடம் ஓடினார்கள் என்று. மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எனக்குத் தெரியாததா அவருக்குத் தெரியும்? கட்டி பழுக்கட்டும். ரெண்டு நாள் பொறு. தானா ஒடையும்" என்றேன்.

"நெசமாவா?"

"முப்பது வருஷம் கட்டி பார்த்தவன் சொல்றேன்."

அவள் என்னை நம்பித் திரும்பிப் போனாள். எருதின் நோய் காக்கைக்குத் தெரியுமா என்பார்கள். எனக்கு நோயும் தெரிந்திருந்தது. அதுதான் இன்றும் என்னைத் தின்கிறது.

இரண்டாம் நாள் கட்டி உடைந்தது, ஒரு வாயாக அல்ல. ஏழெட்டுக் கண்ணாகத் திறந்துகொண்டது. ராஜபிளவை. அழகமுத்துவுக்கு நினைவு இல்லை. கம்பளியில் தூளி கட்டி, கழியில் கோத்து, நானும் இன்னொருவனும் தோளில் தூக்கினோம். ராக்கம்மா பக்கத்தில் ஓடி வந்தாள். தெல்தெனிய மூன்று மைல்கட்டை தூரம். அந்த மூன்று கட்டையும் அவள் கை தூளியை விடவில்லை.

ஒஸ்தா வயசாளி. யாரையும் ஒன்றும் கேட்காமல் வெந்நீர் வைத்து, முடி முழுவதையும் எடுத்தார். என்னுடையதைவிட நல்ல கை. பிடரி சல்லடையாகக் கிடந்தது. கீறினார், கழுவினார், வெகுநேரம் கழுவினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"முந்தாநேத்து கொண்டு வந்தீந்தா ஏதாச்சும் செஞ்சீப்பேன். ரத்தத்துல கலந்துட்டு. யாரு இவ்வளவு நாள் வெச்சிக்கிட்டு இருந்தது?"

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. நான் வெந்நீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பகல் சாய்கிற நேரத்தில் அழகமுத்துவுக்கு நினைவு திரும்பியது. தண்ணீர் கேட்டான். ராக்கம்மா அவன் தலையை மடியில் வைத்து ஊட்டினாள். பிழைத்துக்கொள்வான் என்றே எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அவன் கை தானாகத் தலைக்குப் போனது. தடவினான். மறுபடியும் தடவினான். முகம் வெளிறிவிட்டது.

"ராக்கு எங்க?"

"இந்தா இருக்கேன்ல."

"ராக்கு போயிட்டாளா?"

"ஐயோ, இந்தா ஒங்க பக்கத்துலதான் இருக்கேன். கையப் பாருங்க. புடிச்சுப் பாருங்க."

அவன் கையைப் பிடித்தான். அது அவள் கை என்று அவனுக்குத் தெரியவில்லை. "நான் இருக்கவே அவளைக் கொன்னுட்டாங்களே, என் ராக்குவக் கொன்னுட்டாங்களே" என்று குழந்தை மாதிரி விம்மி அழுதான். அவள் தன் கன்னத்தில் அவன் கையை வைத்துத் தேய்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், அன்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் அவளுக்காக அழுதுகொண்டே, அவள் மடியிலேயே போய்ச் சேர்ந்தான்.

ஒஸ்தா அவன் கண்ணை மூடிவிட்டு வெளியே போனார். ராக்கம்மா நிறுத்தவில்லை. "நான் இருக்கேன், அழகமுத்து. நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். போதும் தாயி என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்கிற முகம் எனக்கு இல்லை.