பத்திரம் என்றொரு ஃபோல்டர்

மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள் அக்கா, இப்போது இரண்டே முக்கால், அதற்குள் ஒரு வாக்கியம் தேடியாக வேண்டும், ஒரே ஒரு வாக்கியம், "அக்கா, ஒண்ணும் கிடைக்காதாம்"... இல்லை, கிடைக்காதாம் என்றால் ஏதோ ஊரார் சொன்னது போலவும் நான் கையைக் கழுவிக்கொண்டது போலவும் ஆகிவிடும், ஆனால் சொன்னது டேட்டா மீட்கிற ஆய்வகத்துக்காரர்கள்தானே, காலையில் கூரியரில் வந்த கடிதம் இழுப்பறையில் இருக்கிறது, மூடியைத் திறந்து பார்த்தோம், உள்ளே தகடு முழுக்கக் கீறல், மீட்க எதுவும் மிச்சமில்லை, வருந்துகிறோம். வருந்துகிறார்களாம்! கடிதத்தோடு திரும்பி வந்த அக்கா கம்ப்யூட்டரின் டிஸ்க் என் முன்னால் மேசையில் கிடக்கிறது, உள்ளங்கை அகலம், வெளியே ஒரு கீறல் கிடையாது, இன்னொரு தடவை மாட்டிப் பார்க்கலாமா என்று கை தானாகப் போகிறது, பதினாறு வருடம் இதே கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவனுக்கு வருகிற ஆசையா இது? மூன்று வாரத்துக்கு முன் அவள் கொண்டுவந்த அன்றே டிக் டிக் என்ற சத்தத்தைக் கேட்டவுடன் எனக்குத் தெரியும். தெரிந்தும், பார்த்துக்கலாம்க்கா, நம்பிக்கையா இரு என்றேன். ஏன் சொன்னேன்? கேட்டுக்கொண்டு நின்றது அக்கா என்பதால்.

கடைக் கண்ணாடியில் நானே அச்சடித்து ஒட்டியிருக்கிறேன், "காப்பி எடுத்தாச்சா?" என்று, கேள்விக்குறி மட்டும் சிவப்பில். மருந்துக்கடைக்காரர் வந்தாலும் டியூஷன் டீச்சர் வந்தாலும் நான் பாடுவது ஒரே பாட்டு, ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கட்டும், ஒன்று தனி டிஸ்கில், இன்னொன்று வேறு கட்டடத்தில், மாதம் ஒரு தடவை அதைத் திறந்து பாருங்க, திறக்கிறதா என்று பாருங்க... தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள், ஒருவரும் செய்யமாட்டார்கள், டிஸ்க் போன பிறகு ஓடிவந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். என் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஜீவன் அக்கா. அவள் செருப்புத் தைக்கிறவள், சாதாரணச் செருப்பு இல்லை, ஒரு கால் குட்டையானவர்களுக்கும் பாதம் உள்பக்கம் திரும்பியவர்களுக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லி, பழுப்புத் தாளில் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வாள், முந்நூறு பேருக்கு மேல், ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டு. அந்தக் கட்டுகளைப் பார்த்து நான் சிரித்தேன். "எத்தனை நாளைக்குக்கா இந்தக் குப்பையக் கட்டிக்கிட்டு அழுவே, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணித் தரேன்." இருந்துட்டுப் போகட்டுமே என்றுதான் அவள் சொன்னாள், மெதுவாக, தம்பி மனசு நோகாமல். நான்தான் கேட்கவில்லை, ஸ்கேன் முடிந்ததும் நானே பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிக் கொடுத்தேன், மூன்று நடை, இனி வரைகிறதையும் ஸ்கேன் பண்ணிவிட்டுத் தாளைப் போட்டுவிடு என்று வேறு சொன்னேன். வேறு யார் கையாவது அதைச் செய்திருந்தால் இன்று திட்டுவதற்காவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

அப்புறம் அந்த போன். அன்று எதிரே பிரின்டர் மை கொட்டிய கையோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார், நான் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினேன், "டேய், இதெல்லாம் போயிடாதே?" என்று அவள் கேட்டாள், "வாரா வாரம் எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து பத்திரமா வைச்சிடுக்கா, அவ்வளவுதான்" என்றேன். அவ்வளவுதானாம். எதில் எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? நாலு வருடம், சனிக்கிழமை தவறாமல், மாமா சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து போகாமல், "இருங்க, தம்பி சொன்ன வேலை" என்று உட்கார்ந்து செய்திருக்கிறாள். டிஸ்கைக் கொண்டுவந்த அன்றுகூட அவள் முகத்தில் கவலையே இல்லை. "காப்பி இருக்குடா, நீ சொன்ன மாதிரியே பத்திரத்துல போட்டு வைச்சிருக்கேன்" என்றாள், நான் என்ன நினைத்தேன், பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு ஒரு பென்டிரைவை வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அடடா, அக்கான்னா அக்காதான் என்று மெச்சினேன், அப்படின்னா கவலையே இல்ல, போய் அதை எடுத்துட்டு வா என்றேன். "அதான் உன் கையில இருக்கே" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "அதுக்குள்ளதாண்டா, பத்திரம்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதுல காப்பி பண்ணி வைச்சிருக்கேன், டெஸ்க்டாப்லயே, வேற யாரும் தொடாம." அந்த நேரத்தில் என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது, அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவள் செய்ததில் தப்பு என்ன? காப்பி எடு என்றேன், எடுத்தாள். பத்திரமாக வை என்றேன், வைத்தாள்.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள், முழங்கையில் பை மாட்டி, பைக்குள் பாதி தைத்த ஒரு சின்னச் செருப்பு. நாலு வருடமாக அவளிடம் வருகிற ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு என்று பார்த்தவுடன் தெரிந்தது, இடது பக்கம் அடி இரண்டு விரல் கனம். அந்தப் பிள்ளையின் கால் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே போகிறது என்பது ஒரு அளவில் தெரியாதாம், நாலு வருடக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியுமாம், அது தெரியாமல் தைத்தால் பிள்ளைக்கு மறுபடி புண், மறுபடி பள்ளிக்கூடம் போகாமல் உட்கார வேண்டும். வாக்கியம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, கடிதத்தை எடுத்து நீட்டினேன். முழுவதும் படித்தாள், திருப்பி முதலிலிருந்து படித்தாள்.

"ஒரு பாதம் கூடவா வராது?"

"வராதுக்கா."

உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது, நான்கு பேர் நடக்கிற தெருப் பக்கமே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், நடக்கிறவர்களின் முகத்தை அவள் எப்போதும் பார்க்கமாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். "ஆளுங்களத் திரும்பக் கூப்பிட்டு அளவு எடுத்துக்கலாம்" என்றாள். "இந்தப் பிள்ளையோட மூணு வயசுக் காலை எங்க போய்க் கூப்பிடறது?" தப்பு என்னோடதுக்கா என்று சொல்ல வாய் எடுத்தேன், எடுத்த வாயோடு அவள் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்து இழுப்பறைக்குள் வைத்தேன். அவள் பையைத் துழாவி ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் எடுத்தாள், கடைசிப் பக்கத்தைத் திருப்பி முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

"சரி, சொல்லு. இனிமே எப்படிச் செய்யணும்? மெதுவா சொல்லு, இந்தத் தடவை எழுதிக்கிறேன். நீ சொல்றத அப்படியே செய்யறேன்."

அப்படியே செய்வாள்... அதுதான். இத்தனை வருடம் கேட்காதவர்களைப் பார்த்துத்தான் எனக்கு எரிச்சல், கேட்கிறவளைப் பார்த்து இப்படிப் பயம் வரும் என்று யாருக்குத் தெரியும்? வெளியே யாரோ கண்ணாடிக் கதவைத் தள்ளினார்கள், உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்தோ என்னவோ போய்விட்டார்கள். அவள் பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"முதல்ல..." என்றேன்.

அவள் குனிந்து, "முதல்ல" என்று எழுதினாள்.