பாதி வாக்கியமும் பஜ்ஜித் தட்டும்

நெல்லையப்பனின் மனைவி ஆவுடையம்மாள் சங்கரன்கோவிலிலிருந்து போனில், "இந்தா பாருங்க, நான் இனிமே" என்றாள். லைன் அறுந்தது. மிச்ச வாக்கியம், வழக்கம்போல, சென்னையில் செல்போன் கம்பெனிகளின் சங்கத்துக்குப் போய்விட்டது.

சண்டை சுண்டைக்காய் அளவுதான். சாம்பாரில் உப்பில்லை என்று வாயை விட்டான் மனுஷன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வருவாளா, மாட்டாளா? மறுபடி போன் போட்டால், 'நீங்கள் அழைக்கும் நபர் இன்னும் பேசி முடிக்கவில்லை' என்றது பதிவுக் குரல். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சங்கத்துக்குக் கிளம்பினான்.

சங்கத்தில் ஒரு துணைக்குழு அமைத்தால் தாழ்வாரம் ஓர் அறை நீளும். அவன் நடக்கும்போதே இரண்டு அமைத்தார்கள். செயலாளர் எத்திராஜின் மேஜையைத் தொட மதியமாகிவிட்டது.

"என் பெஞ்சாதியோட பாதி வாக்கியம் இங்க இருக்காம்."

"இருக்குது சார். அவங்க ஒரு கம்பெனி, நீங்க ஒரு கம்பெனி. நடுவுல அறுந்தா இங்கதான் வரும்."

"குடுங்க."

"உறுப்பினர் எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் இங்கேர்ந்து ஒரு வார்த்தை வெளிய போவும். ஒருத்தர் மாட்டேன்னாலும் அடுத்த வியாழக்கிழமைதான்."

"வாசிச்சாவது பாக்கலாமா?"

"உறுப்பினர்னா பாக்கலாம். உங்களுக்கு டவர் இருக்குதா?"

"மொட்டை மாடியில துணி காயப்போடுத கம்பம் இருக்கு."

"எத்தனை அடி?"

"எட்டு. அவ சேலை ஒண்ணு இன்னும் அதுல கெடக்கு."

"சேலை இருந்தா நல்லதுதான்," என்று எத்திராஜ் எழுதிக்கொண்டார்.

நாலு மணிக் கூட்டத்தில் அவன் உறுப்பினர். மற்றவர்கள் மூன்று கம்பெனிக்காரர்கள். வெளியே கீரியும் பாம்பும். உள்ளே ஒரே தட்டில் வாழைக்காய் பஜ்ஜி தின்பார்கள். அரசாங்கத்துக்கு மனு எழுதுவதுதான் சங்கத்தின் வேலை. ஒன்பது வருஷமாக ஒரே மனு. 'மதிப்புக்குரிய ஐயா' வரை எல்லாருக்கும் சம்மதம்.

கடைசியாக அந்த வாக்கியம் வந்தது. எத்திராஜ் கடுதாசியைப் பிரித்து வாசித்தார்.

"அங்க வரமாட்டேன்."

மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஜ்ஜிக்குத் திரும்பினார்கள். நெல்லையப்பன் பேனாவை மூடி வைத்தான்.

"எனக்குச் சம்மதம் இல்ல. ஆய்வு செய்ய அவகாசம் வேணும்."

மூவரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். அவர்களும் தள்ளிப்போடுகிறவர்கள்தான். ஆனால் இவ்வளவு மனசாரத் தள்ளிப்போட்ட ஆளை அவர்கள் கண்டதில்லை.

வாக்கியம் வெளியே போகவில்லை, ஆகவே ஆவுடை அதைச் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் மறுத்தான். அதற்கடுத்ததும் மறுத்தான். சோறு நன்றாக இறங்கியது. ஆறாவது வாரம் மாலை போட்டு அவனைத் தலைவராக்கினார்கள்.

ஏழாவது வாரம் கூட்டத்துக்கு நடுவே மச்சினன் சிதம்பரம் வந்து நின்றான். ராத்திரி பஸ்ஸில் வந்த முகம்.

"அத்தான், அக்கா வாயத் தொறந்தபடியே நிக்கா."

"எப்ப இருந்து?"

"நீங்க பேசுன அன்னையில இருந்து. காதுல போனும் கையுமா அப்படியே நிக்கா. அம்மா கரண்டியில கஞ்சி ஊத்துதா. பாதி வெளிய வடியுது."

"வலிக்கோ?"

"கண்ணுல தண்ணியா ஊத்துது அத்தான்."

நெல்லையப்பன் தாழ்வாரத்தில் ஒரு துணைக்குழு தூரம் நடந்துவிட்டுத் திரும்பினான். அடப்பாவி, உனக்குச் சோறு இறங்கணும்னு அவ சோத்தை அடைச்சிட்டியே என்று தன்னையே திட்டிக்கொண்டான். அவமானமாக இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

போன் அடித்தது.

"அங்க வரமாட்டேன்," என்றாள் ஆவுடை.

"சரி," என்றான்.

அவள் வாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "பசிக்கி," என்றாள். "அங்க யாரு நொறுக்நொறுக்குன்னு திங்கது?"

"சங்கத்து ஆளுங்க. பஜ்ஜி."

"நல்லாருக்கா?"

"உப்பு இல்ல. ஆனா நான் ஒண்ணும் சொல்லல."

அந்தப் பக்கம் மூச்சு விட்டுவிட்டு வந்தது. சிரிக்கிறாளோ என்று அவனுக்குத் தோன்றியது.

"ஏழு வாரமா ஒண்ணும் சொல்லலையாக்கும்," என்றாள். "அப்ப வெள்ளிக்கிழம நான்"

லைன் அறுந்தது.

எத்திராஜ் புதுக் கடுதாசியோடு வந்தார். "வண்டி ஏறி வாரேன்," என்று வாசித்தார்.

அவர் வாசித்து முடிக்குமுன் நெல்லையப்பன் கையெழுத்துப் போட்டிருந்தான். மற்ற மூவரும் பேனாவை மூடி வைத்தார்கள்.

"ஆய்வு செய்ய அவகாசம் வேணும், தலைவரே."

"இதுல ஆய்வு செய்ய என்னய்யா இருக்கு?"

"நல்ல வாக்கியம். அவசரப்பட்டு விட்டுறக் கூடாது. நீங்க காட்டுன வழிதான்."

அடுத்த வியாழக்கிழமை என்று எத்திராஜ் குறித்துக்கொண்டார்.

நெல்லையப்பன் பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். ஒவ்வொன்றிலும் உப்புத் தூவி, வாழையிலையில் பொதிந்து, சிதம்பரத்தின் கையில் கொடுத்தான்.

"அடுத்த பஸ்ஸப் பிடி. பொடிசாப் பிச்சு ஊட்டு," என்றான். "வாய் தொறந்துதான் இருக்கும்."