பதினெட்டாயிரத்தில் ஓர் ஒத்திகை

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்கியவள் சமீரா. கதை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. போனில் பேசி அனுப்புவதற்கு நாலு வரி கேட்டாள்.

"டீச்சர், நீங்கதான் கதையெல்லாம் எழுதுதீங்கள்ல. அவருக்கு எப்படிச் சொல்லணும்னு எழுதித் தாங்க. நான் அதைப் பாத்துப் பேசி அனுப்பிருதேன்."

அவர் என்பது அவள் கணவர் தமீம். ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். அவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்: ஊரோடு வந்துவிடுங்கள், இனிமேல் போக வேண்டாம். இதற்கு நாலு வரி எதற்கு, ஒரு வரியே போதுமே என்று நினைத்துத்தான் சரியென்று சொன்னேன். இரண்டு நாள் ஆகிறது. அந்த ஒரு வரி வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் நாசரேத். காயல்பட்டினத்தில் பள்ளிக்கூட டீச்சர். தனியாள். சமீரா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். நாலைந்து கதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. என்னை எழுத்தாளர் என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் இந்த ஊரில் சமீராதான். அதனால் மறுக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"அன்று கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அவள் மனமும்—"

[வேண்டாம். இங்கே கடல் பெரும்பாலும் சாதுவாகக் கிடக்கும். தவிர, சமீரா கடற்கரைப் பக்கம் போயே மாதக்கணக்காகிறது. வீட்டு வேலை இருக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்:

"வறுமையின் பிடியில் சிக்கியிருந்த அந்த வீட்டில் அடுப்பெரிவதே—"

இதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அது நான் செய்த பிசகு. அவள் முகம் சிவந்துவிட்டது.

"என்ன டீச்சர், எங்க ஊட்டப் பிச்சைக்காரங்க ஊடு மாதிரி எழுதி வச்சிருக்கீங்க? காசு இருக்கு. நான் செலவழிக்கலை. ரெண்டும் ஒண்ணா?"

ஒன்றில்லைதான். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கதை கிடக்கிறது. அலங்காரம் எதுவும் இல்லாமல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

3

போன வருடம் லீவு முடிந்து தமீம் பெட்டி கட்டும்போது, சமீரா வழக்கம்போலப் "போகாதீங்க" என்றாள். அவரும் வழக்கம்போல "காசுக்கு என்ன பண்ண?" என்றார். கல்யாணமாகிப் பதினாலு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவு. ஒவ்வொரு லீவும் இந்தக் கேள்வியில்தான் முடிகிறது. அவளிடம் பதில் இருந்ததே இல்லை, அழுகைதான் இருந்தது.

போன தடவை, அவர் விமானம் ஏறிய பிறகு, ஒரு பதில் கிடைத்தது. தமீமின் அண்ணன் மூஸா தூத்துக்குடியில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் அவர் சொன்னார்: "அவன் ஊரோட வந்தா நம்ம கடையில இருக்கட்டுமே. மாசம் பதினெட்டாயிரம் தாரேன்." சொன்னவர் மறந்திருப்பார். சமீரா மறக்கவில்லை.

தமீம் மாதாமாதம் அனுப்புவது அதைப்போல இரண்டு மடங்கு. பதினெட்டாயிரத்தில் வீடு ஓடுமா? ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவள் முடிவுசெய்தாள். பணம் வந்ததும் பதினெட்டாயிரத்தை மட்டும் எடுத்துக்கொள்வாள், மீதியைத் தொடமாட்டாள். கணவர் ஊரோடு வந்துவிட்டார், தினமும் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்வருகிறார் என்று வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தத் தொடங்கினாள்.

சீலா மீன் போய் சாளை வந்தது. ஏசி போய் ஃபேன் வந்தது. பெண்பிள்ளைகள் இருவரும் வேனை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கு நடந்தார்கள். தூத்துக்குடிக்குப் போனால் மக்ரூன் பொட்டலம் இல்லாமல் திரும்பினார்கள். மாடியில் இருந்த அவர்களுடைய அறை எனக்கு வாடகைக்கு வந்தது. ஆனால் என் வாடகையை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. "அவரு வந்துட்டா நீங்க இருக்க மாட்டீங்கள்ல டீச்சர்" என்றாள், வாடகையை வாங்கிக்கொண்டே. அவ்வளவு கறார்.

முதல் மாதங்களில் தோற்றாள். கேஸ் சிலிண்டர் முன்கூட்டியே தீர்ந்தது, சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது, மாதக் கடைசியில் மீதிப் பணத்தில் கைவைக்க வேண்டியதாயிற்று. கூடவே இருக்கும் அவள் உம்மா சம்சுன்னிசாவுக்கு இந்தத் திட்டம் தெரியாது. அந்தம்மா கத்துவது மாடிவரைக்கும் கேட்கும்.

"ஏளா, மாப்பிள்ளை அனுப்புத காசையெல்லாம் எங்க கொண்டு போடுத? சாளையத் தின்னு தின்னு என் நாக்கே செத்துப் போச்சு."

பிறகு பிடி கிடைத்துவிட்டது. நோன்பு மாதத்தைத் தாண்டினாள், பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குத் துணியும் எடுத்தாள், மீதியைத் தொடவில்லை. அன்றைக்கு மாடிப்படியில் என்னை நிறுத்தி, "டீச்சர், ஓடுது" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

(* இதைத் தமீமிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டேன். "முடியாமப் போயிருந்தா?" என்று திருப்பிக் கேட்டாள்.)

4

இனி வருவது விபத்து. நான் இட்டுக்கட்டியதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாகச் செய்திருப்பேன்.

தமீம் வீடியோ காலில் வந்தார். தட்டில் சாளை. மறுவாரமும் வந்தார், மறுபடியும் சாளை. சின்னவள் பள்ளியிலிருந்து நடந்து வந்த கோலத்தில், வியர்த்து வழிய, "வாப்பா" என்று கேமராவில் முகத்தைக் காட்டினாள். பின்னால் உம்மா விசிறிக்கொண்டிருந்தார். தமீம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு ஒன்று வந்தது. சமீரா அதை எனக்கும் போட்டுக் காட்டினாள்.

"சமீரா, நானும் கவனிச்சிக்கிட்டுதான் இருக்கேன். காசு பத்தலைன்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? மேனேஜர்ட்ட பேசிட்டேன். இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுக்கப் போறேன், சம்பளம் கூட்டித் தாரேன்னு சொல்லுதாரு. வியாழக்கிழமை கையெழுத்து. பிள்ளையளுக்கு நல்ல மீனா வாங்கிக் குடு, என்ன?"

ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஜெயித்தது, அங்கே அந்தச் சின்னத் திரையில் இல்லாமையாகத் தெரிந்திருக்கிறது. அவரைக் கூட்டிவரச் செய்த காரியமே அவரை அங்கே உட்கார வைக்கப் பார்க்கிறது.

உடனே கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினாள். காசு இருக்கிறது, சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன், பதினெட்டாயிரத்திலேயே ஓடுகிறது என்றாள். அவர் நம்பவில்லை. "என்னையச் சமாதானப்படுத்தச் சொல்லுத" என்றாராம். பதினாலு வருடமாக "இங்க எல்லாம் நல்லாருக்கு" என்றே சொல்லிப் பழக்கிவிட்டால், உண்மையிலேயே நல்லா இருக்கும்போது யார் நம்புவார்கள்?

அதனால்தான் என்னிடம் வந்தாள்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: சேர்த்த பணத்தின் விவரத்தைப் படமெடுத்து அனுப்புகிறாள். தமீம் நெகிழ்ந்துபோய் அடுத்த விமானத்தில்— [இனிப்பு தூக்கல். ஒரு படத்தைப் பார்த்து வேலையை விடுகிற மனிதரை நான் கண்டதில்லை.]

இன்னொரு முடிவு: தமீம் வருகிறார். ஆனால் இந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு உரியது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து வாழ வேண்டும். பெண்டாட்டி வீட்டில் குறைந்த சம்பளத்தோடு உட்கார்ந்திருக்க அவருக்குக் கூச்சம். மெல்ல மெல்ல— [சமீரா வாசித்துவிட்டு, "எங்க ஊர்ல எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தான டீச்சர் இருக்காங்க? இதுல என்ன கூச்சம்?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.]

மூன்றாவது: தமீம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். சமீரா மறுநாள் சீலா மீன் வாங்குகிறாள். வாழ்க்கை போகிறது.

இந்த மூன்றாவதுதான் தடங்கல் இல்லாமல் சரசரவென்று வந்தது. சோகமும் அளவாக இருந்தது, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். இரண்டு தடவை மாற்றி எழுதியும் கதை அங்கேதான் போய் நின்றது. ஏன் என்று யோசித்தபோது எனக்கே வெட்கமாகப் போயிற்று. நான் இருப்பது தமீமின் அறையில். அவர் வந்தால் நான் காலி செய்ய வேண்டும். ஜன்னலைத் திறந்தால் காற்று அள்ளுகிற அறை இந்த வாடகைக்குத் திருச்செந்தூர் வரை தேடினாலும் கிடைக்காது. என் கதாபாத்திரத்தின் கட்டிலில் படுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரத்தை ஊருக்கு வரவிடாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆகவே என் முடிவுகளை வாசகர் கொஞ்சம் சந்தேகத்தோடே பார்க்க வேண்டும்.

6

என் சுயநலத்துக்குப் பரிகாரமாக, அவர் வந்துவிட்ட பிறகு வரும் ஒரு காலையை எழுத உட்கார்ந்தேன். வந்த அன்று இல்லை. வந்து, பலகாரமெல்லாம் தீர்ந்து, பெட்டியைப் பரணில் ஏற்றிய பிறகு வரும் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை.

"சமீரா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். உம்மாவுக்கு இரண்டு. பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு. தனக்கு மூன்று. தமீமுக்கு"

வாக்கியம் அங்கே நின்றுவிட்டது. இதில் என்ன வந்தது, ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுவிடலாம். ஆனாலும் கீழேதானே இருக்கிறாள், கேட்டுவிடுவோம் என்று இறங்கிப் போனேன். புதன்கிழமை மத்தியானம். அடுக்களையில் சாளையைச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சமீரா, தமீம் காலையில எத்தனை தோசை சாப்பிடுவார்?"

"எதுக்கு டீச்சர்?"

"கதைக்குத்தான்."

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அவரச் சேக்கவே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"ஒரு வருசமா நாலு பேருக்குத்தான் ஆக்கிருக்கேன் டீச்சர். அவரு வந்தா அஞ்சு பேருல்லா? அவரு சோறு, அவரு டீ, தூத்துக்குடிக்கு பஸ்ஸுக்கு, சட்டை துணிக்கு. எதுவுமே வைக்கலியே. உங்க வாடகையக் கழிச்சேன். அவரக் கூட்டணும்னு தோணவே இல்ல."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. அவரோடு வாழ்வதற்கான ஒத்திகையில் அவர் இல்லை. பதினாலு வருடமாக இல்லாத ஆள் கணக்கிலும் இல்லாமல் போயிருக்கிறார். அவளைத் தேற்றுகிறேன் என்று நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஒரு ஆளுக்கு என்ன பெருசா ஆயிரப்போவுது? நாலு தோசையக் கூடச் சுடுவ, அவ்வளவுதான்."

"நாலுன்னு நீங்க சொல்லுதீங்க. எனக்குத் தெரியலையே டீச்சர்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மீன் வாடையைக்கூடக் கவனிக்கவில்லை.

"லீவுல வந்தா ஊரெல்லாம் விருந்து. அவங்க உம்மா ஊட்ல, மூஸா காக்கா ஊட்ல, சேக்காளிக ஊட்ல. கல்யாண ஊட்டுக்குப் போனா சஹன்ல எல்லாரும் ஒரே தட்டச் சுத்தி உக்காந்து சாப்புடுவாங்க, யாரு எவ்வளவு தின்னாங்கன்னு யாருக்குத் தெரியும்? நம்ம ஊட்ல இருக்க நாள்லயும் நான் கறியும் நெய்ச்சோறுமாத்தான் ஆக்குவேன். போற ஆளுன்னு. வெறும் தோசையும் சட்னியும் அவருக்கு வச்சுக் குடுத்ததே இல்ல. ஒரு நாக்கூட. அவருக்கு எது போதும், எது பத்தாதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினாலு வருடமாக ஒரு விருந்தாளியோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். சீலாவும் ஏசியும் அவளுக்கு வேண்டாம். புருஷனுக்கு முன்னால் சாளைக் குழம்பை வைத்து, "இன்னிக்கு இதுதான்" என்று சொல்ல வேண்டும். அதற்கு அவர் முகம் சுளிக்க வேண்டும். அந்த ஆசையில் அவள் அழுதாள். அந்த நேரத்தில் மாடி அறையைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

7

அன்று காலையில் ஒருவழியாக நான் எழுதிவைத்திருந்த நாலு வரியை நீட்டினேன். நல்ல வரிகள்தான். "காலம்", "காத்திருப்பு" என்றெல்லாம் அதில் வந்தன. அவள் வாங்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், போனை எடுத்தாள், அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். விருந்து இல்லாத நாள்ல, சும்மா நாள்ல, காலையில நீங்க எத்தனை தோசை தின்பீங்க? எனக்குத் தெரியாமப் போச்சு. கணக்குக்கு வேணும். சொல்லுங்க."

விரலை எடுத்தாள். போய்விட்டது. வந்துவிடுங்கள் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. "டீச்சர், வேற எதாவது சேத்திருக்கணுமோ?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு நீலக் குறிகள் வந்தன. அவர் கேட்டுவிட்டார். தமீம் குரல் பதிவு செய்கிறார் என்று திரையின் மேலே காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. நாளைக்குக் கையெழுத்து.

பதில் வருவதற்குள் கதையை முடிப்பதென்றால், அவருடைய பதிலை எழுத வேண்டியது நான்தான். மூட்டைகளுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில் அவரை நிறுத்திவிட்டேன், போனை வாயருகில் வைக்கவும் செய்துவிட்டேன். "இது என்ன கேள்வி, வேலையா இருக்கேன்" என்று அவரைச் சொல்லவைக்கலாம். ஒரு எண்ணைச் சொல்லவைக்கலாம். "எனக்கே தெரியலை சமீரா, இங்க பசிக்கிற நேரத்துல கிடைக்கிறதத் தின்னுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லவைத்து உங்களை அழவைக்கலாம். மூன்றையும் எழுதி மூன்றையும் அடித்தேன். எனக்கு அந்த உரிமை இல்லை. நான் தனியாள், எனக்கு மட்டும் தோசை ஊற்றிக்கொள்கிறவள்.

உங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒருவர் சாப்பிட உட்காருகிறார். அவர் இத்தனையாவதோடு போதும் என்பார், கேட்காமலே இன்னும் ஒன்று போடலாம் என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் இந்தக் கதையை முடியுங்கள். எங்களுக்குத் தெரியாது.